சின்னப் பிள்ளையும் நெடுந்தூர ஓட்டமும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

6 வயதிலிருந்து 12 வயது வரையுள்ள பிள்ளைகளை ஞாயிறு காலையில் ஓடவைக்கும் ஒரு சின்னக் குழுவுக்குச் சில வருடங்களாக உதவி செய்கிறேன். நான் கோச் இல்லை, டாக்டரும் இல்லை. ஓடுகிற ஒரு மகளுக்கும், ஓடவே பிடிக்காத ஒரு மகனுக்கும் அப்பா, அவ்வளவுதான். மைதானத்து ஓரத்தில் போனும் கையுமாக நிற்கிற அம்மா அப்பாக்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு வாராவாரம் வாயால் பதில் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைத்தது இது.

என் மகனுக்கு 7 வயது. நேற்று 2 கிலோமீட்டர் நிற்காமல் ஓடிவிட்டான். இது அபூர்வமா?

சந்தோஷப்பட வேண்டிய விஷயம், ஆனால் அபூர்வம் இல்லை. நாள் முழுக்க ஓடியாடித் திரிகிற பிள்ளைகளில் பலர், தொடக்கத்தில் பாய்ந்துவிடாமல் பார்த்துக்கொண்டால், இதைச் செய்துவிடுவார்கள். ஒரு கிலோ உடல் எடைக்கு எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்த முடியும் என்று கணக்குப் பார்த்தால் குழந்தைகள் பெரியவர்களுக்குச் சளைத்தவர்கள் இல்லை. குறை வேறு இடத்தில் இருக்கிறது. கால் குட்டை, எடுத்துவைக்கிற எட்டு சின்னது, அதே தூரத்துக்கு அதிக எட்டு வைக்கவேண்டும், அதனால் அதே வேகத்தில் ஓடுவதற்குப் பெரியவரைவிட எடைக்கு எடை அதிக ஆக்சிஜன் செலவாகிறது. எஞ்சின் நல்ல எஞ்சின்தான், மைலேஜ் கம்மி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வளர வளர இந்த மைலேஜ் தானாகவே கூடும். அடுத்த வருடம் அவன் நேரம் குறைந்தால் அது நீங்கள் கொடுத்த பயிற்சியாலா, கால் நீண்டதாலா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் நிச்சயமாகப் பயிற்சியால்தான் என்று சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அப்படியானால் உண்மையான திறமை எந்த வயதில் தெரியும்?

பருவ வயதைத் தாண்டிய பிறகு. இந்தப் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை, ஆனாலும் இதுதான் பதில்.

பெண் குழந்தைகளுக்குப் பருவமாற்றம் பொதுவாக 8-லிருந்து 13 வயதுக்குள் தொடங்கும், ஆண் குழந்தைகளுக்கு 9-லிருந்து 14-க்குள். அதாவது ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிற இரண்டு 12 வயதுப் பையன்களில் ஒருவன் பாதி ஆளாகியிருப்பான், இன்னொருவன் இன்னும் குழந்தை. இருவரையும் ஒரே கோட்டில் நிறுத்தி விசில் ஊதினால் யார் ஜெயிப்பான் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம். முன்னால் வளர்ந்தவன் 12-ல் வாங்கிய கோப்பைகளையெல்லாம் பின்னால் வளர்ந்தவன் 16-ல் வாங்கிக்கொண்டு போவது சாதாரணமாக நடக்கிறது. அப்போது முதல் பையன் மனம் உடைந்து நின்றுவிடுகிறான். அவன் திறமை எங்கேயும் போய்விடவில்லை, மற்றவர்கள் வந்து சேர்ந்துகொண்டார்கள், ஆனால் அதை அவனுக்கு யாரும் சொல்வதில்லை.

பிறந்த மாதம்கூட விளையாடும். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில் ஓடுகிறார்கள் என்றால் 7 வயதில் அந்தப் பதினோரு மாத வித்தியாசம் சின்னதில்லை, வாழ்ந்த வாழ்க்கையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு. எந்த விளையாட்டிலும் வயதுப் பிரிவு வைத்துப் பொறுக்கும்போது வருடத் தொடக்கத்தில் பிறந்த பிள்ளைகள் அதிகமாக உள்ளே வருவதை ஆராய்ச்சியாளர்கள் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறார்கள்.

அப்புறம் இது வேக ஓட்டம் மாதிரியும் இல்லை, நிதானமாக முதிர்கிற விளையாட்டு. கென்யாவின் எலியுட் கிப்சோகே 2022-ல் பெர்லினில் 2 மணி 1 நிமிடம் 9 விநாடியில் மாரத்தான் உலக சாதனை படைத்தபோது அவருக்கு 37 வயது. 2012, 2016 இரண்டு ஒலிம்பிக்கிலும் 5,000 மீட்டரிலும் 10,000 மீட்டரிலும் தங்கம் வாங்கிய பிரிட்டனின் மோ ஃபரா, பள்ளிப் பருவத்தில் கால்பந்து வீரராகத்தான் ஆசைப்பட்டார். அவருடைய உடற்கல்வி ஆசிரியர்தான் பார்த்து ஓட்டத்தின் பக்கம் இழுத்தார். உங்கள் பிள்ளைக்கு 7 வயதுதானே, அவசரமே இல்லை.

அதுவரை ஒன்றுமே பார்க்க முடியாதா? ஏதாவது அடையாளம் இருக்குமே?

இருக்கிறது, ஆனால் ஸ்டாப்வாட்ச்சில் இல்லை. நான் பார்ப்பதைச் சொல்கிறேன், இது என் கண், உங்களுக்கு வேறு படலாம்.

முதலில், ஓடி முடித்து ஐந்து நிமிடம் கழித்துப் பிள்ளை என்ன செய்கிறது என்று பார்ப்பேன். தண்ணீர் குடித்துவிட்டு இன்னொருவனைத் துரத்திக்கொண்டு போகிறதா, அம்மா பக்கத்தில் வந்து சுருண்டு உட்கார்ந்துவிடுகிறதா. குழந்தைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் தெளிந்துவிடுவார்கள் என்பது பொதுவான உண்மை, ஆனாலும் அவர்களுக்குள்ளேயே வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, ஒன்றரை மணிநேரம் ஓடிப்பிடித்து விளையாடும்போது கடைசி இருபது நிமிடம். முதல் பத்து நிமிடத்தில் எல்லோரும் சூரர்கள்தான். கடைசியில் பாதிப் பேர் "டைம் ப்ளீஸ்" கேட்டு ஓரம் கட்டியிருப்பார்கள், ஒன்றிரண்டு பேர் மட்டும் இன்னும் அதே முகத்தோடு ஓடிக்கொண்டிருப்பார்கள். அந்த ஒன்றிரண்டு பேர் நூறு மீட்டரில் பெரும்பாலும் முதலில் வருவதில்லை, அதனால் யார் கண்ணிலும் படுவதில்லை.

ஓடும்போது காதால் கேட்பேன். பாதம் தரையில் தப் தப்பென்று அறைகிறதா, சத்தமில்லாமல் பட்டுப் போகிறதா. களைத்த பிறகும் தோள் காது வரை ஏறாமல் தொங்கலாக இருக்கிறதா. இவற்றில் பாதி பின்னால் சொல்லிக்கொடுக்கக் கூடியதுதான், ஆனால் சில பிள்ளைகளுக்கு யாரும் சொல்லாமலே வருகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமாக நான் நினைப்பது, சலிப்பைத் தாங்குகிற குணம். நெடுந்தூர ஓட்டத்தில் பெரும்பகுதி சுவாரசியமில்லாதது. எங்கள் குழுவில் ஒரு பையன், எப்போதும் கடைசியில்தான் வருவான், உதட்டுக்குள் ஏதோ கதை சொல்லிக்கொண்டே வருவான். கேட்டால் "ஒரு சுற்றுக்கு ஒரு எபிசோடு" என்றான். யாரும் கேட்காமலே ஐந்தாவது எபிசோடுக்குப் போனான். அன்றைக்கு வந்த பிள்ளைகளில் நெடுந்தூரத்துக்கான மனசு யாருக்கு என்று கேட்டால் முதலில் வந்தவளைக் காட்டமாட்டேன், இவனைத்தான் காட்டுவேன்.

நேரம் எடுத்துக் குறித்துவைக்கலாமா?

இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதே தூரம், அதே இடம், பிள்ளைக்கும் ஆசை இருந்தால். வாராவாரம் எடுத்தால் நீங்கள் அளப்பது தூக்கம், சளி, வெயில், பள்ளியில் நடந்த சண்டை, இவைதான்.

வாட்சைப் பிள்ளையிடமே கொடுத்துவிட்டு ஆடக்கூடிய ஒரு விளையாட்டு உண்டு. ஒரு சுற்று ஓடிவிட்டு, பார்க்காமல், எத்தனை விநாடி ஆகியிருக்கும் என்று சொல்லவேண்டும். அப்புறம் இரண்டாவது சுற்றைச் சரியாக அதே நேரத்தில் ஓடிக் காட்டவேண்டும், வேகமாக வந்தாலும் தோல்வி, மெதுவாக வந்தாலும் தோல்வி. சமவேகம் என்ற பாடத்தை இதைவிட லேசாகச் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியவில்லை. வேகமான பிள்ளைகள் இதில் தோற்பதைப் பார்க்க மற்ற பிள்ளைகளுக்கு அவ்வளவு சந்தோஷம்!

பள்ளிகளில் பீப் டெஸ்ட் வைப்பார்கள். 20 மீட்டர் இடைவெளியில் பீப் சத்தத்துக்கு ஈடுகொடுத்துப் போய்ப்போய்த் திரும்பவேண்டும், மணிக்கு 8.5 கிலோமீட்டரில் தொடங்கி ஒவ்வொரு நிமிடமும் அரை கிலோமீட்டர் வேகம் கூடும். மோசமான சோதனை இல்லை, ஆனால் சட்டென்று திரும்பத் தெரிந்தவனுக்கும் விட்டுக்கொடுக்காத பிடிவாதக்காரனுக்கும் மதிப்பெண் கூட வரும் என்பதை நினைவில் வையுங்கள்.

ஓடும்போது வாட்சில் இதயத்துடிப்பு 195 காட்டுகிறது. பயமாக இருக்கிறதே?

உச்ச இதயத்துடிப்பைத் தெரிந்துகொள்ள 220-லிருந்து வயதைக் கழிக்கிற கணக்கு குழந்தைகளுக்குப் பொருந்தாது. 7 வயதுப் பிள்ளைக்கும் 14 வயதுப் பிள்ளைக்கும் உச்சத் துடிப்பு ஏறக்குறைய 200-ஐ ஒட்டியே இருக்கும், வயதோடு குறைந்துகொண்டு வராது. முழு மூச்சாக ஓடுகிறபோது 195 சகஜம். வாட்சைக் கழற்றி உங்கள் பையில் போடுங்கள். ஓடும்போது மயக்கமாக வருகிறது, நெஞ்சு வலிக்கிறது, காரணமில்லாமல் படபடக்கிறது என்று பிள்ளை சொன்னால் அதுதான் கவனிக்கவேண்டியது. அப்போது ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும், அதிலும் குடும்பத்தில் யாராவது இளம் வயதில் திடீரென்று இறந்திருந்தால் அதையும் மறக்காமல் சொல்லவேண்டும்.

எந்த வயதில் எவ்வளவு தூரம் ஓடலாம்?

கிலோமீட்டர் கணக்கில் யாரும் அடித்துச் சொல்லிவிட முடியாது. தெரிந்த அளவுகோல்களைச் சொல்கிறேன். 5-லிருந்து 17 வயது வரை தினமும் சராசரியாக ஒரு மணிநேரம் உடம்பு நன்றாக அசையவேண்டும் என்கிறது உலக சுகாதார அமைப்பு, அது ஓட்டமாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. சில நாடுகளில் பூங்காக்களில் வாராவாரம் நடக்கிற பிள்ளைகள் ஓட்டமான ஜூனியர் பார்க்ரன் 4-லிருந்து 14 வயது வரையுள்ளவர்களுக்கானது, தூரம் 2 கிலோமீட்டர்தான். லண்டன், நியூயார்க், பாஸ்டன் மாரத்தான்களில் 18 வயதுக்குக் கீழே சேர்க்கமாட்டார்கள்.

எங்கள் குழுவில் 8 வயதுக்குக் கீழே தூரமே பேசுவதில்லை, நிமிடம்தான், அதுவும் நடையும் ஓட்டமும் கலந்து. 9, 10 வயதில் வாரத்துக்கு இரண்டு முறை 2, 3 கிலோமீட்டர். 12-ஐ நெருங்கும்போது ஆசைப்பட்டால் எப்போதாவது 5. விளையாட்டு மருத்துவர்கள் சொல்கிற ஒரு கைக்கணக்கு எனக்குப் பிடிக்கும்: வாரத்தில் ஒழுங்குபடுத்திய பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக்கூடாது, வாரம் ஒரு நாளாவது, முடிந்தால் இரண்டு நாள், முழு ஓய்வு. 9 வயது என்றால் நீச்சல், நடனம், கால்பந்து எல்லாம் சேர்த்து 9 மணிநேரம். பல வீடுகளில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தாலே முகம் மாறிவிடும்.

4 வயதுப் பையன் ஒருவன் 65 கிலோமீட்டர் ஓடினானே?

ஓடினான். புதியா சிங், 2006-ல், புவனேஸ்வரத்துக்கும் பூரிக்கும் இடையே, ஏழு மணிநேரத்துக்குச் சற்றே அதிகம். உலகமே வேடிக்கை பார்த்தது, அப்புறம் டாக்டர்கள் கவலைப்பட்டு, ஒடிசா அரசு தலையிட்டு அப்படி ஓடுவதை நிறுத்தியது. குழந்தையின் உடம்பால் என்னவெல்லாம் முடியும் என்பதை அது காட்டியது, சரி. செய்யவைக்கலாமா என்பது வேறு கேள்வி. அந்த வயதில் ஒரு பிள்ளை "போதும்" என்று சொல்வதைவிட, தான் நம்புகிற பெரியவர் சிரித்த முகமாக இருப்பதையே பெரிதாக நினைக்கும். உங்கள் பிள்ளையும் அப்படித்தான், 3 கிலோமீட்டரிலும்.

என்ன மாதிரி பயிற்சி கொடுப்பது?

பயிற்சி என்று தெரியாத பயிற்சி. விட்டு விட்டு ஓடுவது குழந்தைகளின் இயல்பு: பாய்வார்கள், நிற்பார்கள், எதையோ பார்ப்பார்கள், மறுபடி பாய்வார்கள். ஸ்வீடன்காரர்கள் இதையே பெரியவர்களுக்கான முறையாக்கி ஃபார்ட்லெக் என்று பெயர் வைத்தார்கள், அந்தச் சொல்லுக்கே வேக விளையாட்டு என்றுதான் அர்த்தம். அந்த மரம் வரை வேகம், அடுத்த விளக்குக் கம்பம் வரை நடை, சிவப்புச் சட்டைக்காரரைப் பார்த்தால் பின்பக்கமாக ஓட்டம். தொடர் ஓட்டம் வைக்கலாம், மேட்டில் ஏறியிறங்க விடலாம், நான்கு மூலையில் சீட்டு ஒளித்துவைத்துத் தேடி எடுத்துவரச் சொல்லலாம். இப்படி அரைமணிநேரத்தில் ஒரு பிள்ளை ஓடுகிற தூரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஆச்சரியப்படுவீர்கள், அதையே சுற்றுக்கணக்கில் ஓடச்சொல்லியிருந்தால் மூன்றாவது சுற்றில் வயிற்றுவலி வந்திருக்கும்.

கூடவே கயிறு தாண்டுவது, ஏறுவது, பந்து எறிவது, நீந்துவது எல்லாம் இருக்கட்டும். ஒரே அசைவையே வருடம் முழுக்கச் செய்கிற உடம்பில்தான் தேய்மானக் காயங்கள் வருகின்றன.

முதல் நூறு மீட்டரில் புயல் மாதிரி போய்விட்டு அப்புறம் நின்றுவிடுகிறாள். எப்படித் திருத்துவது?

6, 7 வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான், மீதி எவ்வளவு இருக்கிறது என்று மனதில் கணக்குப் போடும் பழக்கம் வளர வளரத்தான் வரும். பக்கத்தில் ஓடிக்கொண்டே பேச்சுக் கொடுங்கள். முழு வாக்கியமாகப் பதில் வந்தால் வேகம் சரி, ஒற்றைச் சொல்லாக வந்தால் அதிகம். மேலே சொன்ன விநாடி விளையாட்டும் உதவும்.

பாதியில் நின்று அழுகிறான். "விடாதே, ஓடு" என்று சொல்லவேண்டாமா?

சொல்லவேண்டாம். நடக்கவிடுங்கள். விலாவில் பிடித்துக்கொண்டது என்றால் நடந்து, மூச்சை மெதுவாக இழுத்துவிட்டால் சரியாகிவிடும், பெரும்பாலும் சாப்பிட்டவுடனே ஓடியதால் வருவது. எதுவும் வலிக்கவில்லை, வெறுமனே தோற்றுவிடுவோம் என்ற பயம் என்றால், அந்தப் பயத்தை யார் உள்ளே வைத்தது என்று கொஞ்சம் யோசிக்கலாம்.

இதில் எனக்கே ஒரு பழைய கணக்கு உண்டு. மகளுக்கு 9 வயது இருக்கும்போது ஒரு போட்டியில் நான்காவதாக வந்துகொண்டிருந்தாள், நான் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு "இன்னும் ஒருத்திதான், பிடி, பிடி" என்று தொண்டை கிழியக் கத்தினேன். மூன்றாவதாக வந்தாள். வெண்கலமும் வாங்கினாள். வீட்டுக்கு வந்து ஷூவைக் கட்டிலுக்கடியில் தள்ளியவள் எட்டு மாதம் அதைத் தொடவில்லை. நான் கேட்கவும் இல்லை, அந்த ஒரு புத்தியாவது இருந்தது. திரும்ப வந்தபோது ஒரு நிபந்தனை போட்டாள்: நான் வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கலாம், வாய் திறக்கக்கூடாது. இன்றுவரை அந்த ஒப்பந்தம் அமலில் இருக்கிறது.

ஊக்கப்படுத்துவது என்றால் பிறகு என்னதான் சொல்வது?

பார்த்ததைச் சொல்லுங்கள். "மேட்டில் எல்லோரும் நடந்தார்கள், நீ சின்னச் சின்ன எட்டு வைத்து ஓடினாய்." இதில் புகழ்ச்சியே இல்லை, ஆனால் பிள்ளைக்கு நீங்கள் உண்மையாகவே பார்த்தீர்கள் என்று தெரியும். "நீ பிறவி ஓட்டக்காரன்" என்று சொன்னால் அடுத்த முறை பின்தங்கும்போது பிறவியே பொய்யாகிவிட்ட மாதிரி ஆகிவிடும். போட்டி முடிந்து திரும்பும் வழியில் ஓட்டத்தைப் பற்றி நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் ஆரம்பித்தால் காது கொடுங்கள்.

குதிகால் வலிக்கிறது என்கிறாள். சும்மா சாக்கா?

சாக்கு என்று முடிவுகட்டாதீர்கள். வளர்கிற எலும்பின் நுனியில் இன்னும் இறுகாத குருத்தெலும்புப் பகுதி இருக்கும், தசைநார் அங்கேதான் பிடித்து இழுக்கும். 8-லிருந்து 14 வயதுக்குள் குதிகாலின் பின்பக்கம் வலித்தால் அது செவர்ஸ் என்கிற பிரச்சினையாக இருக்கலாம். முழங்கால் சில்லுக்குக் கீழே புடைத்து வலித்தால் ஆஸ்குட்-ஷ்லாட்டர், அது 10-லிருந்து 15-க்குள் அதிகம். இரண்டும் பெரும்பாலும் வளர்ச்சி முடியும்போது போய்விடும், அதுவரை ஓட்டத்தைக் குறைக்கவேண்டும். எங்கள் விதி எளிது: நொண்டினால் அன்றைக்கு ஓட்டம் கிடையாது. ஒரே இடத்தில் வலி, ராத்திரியிலும் வலி, இரண்டு வாரமாகியும் போகாத வலி என்றால் டாக்டர். ஓடி நிறுத்திய சில நிமிடத்தில் தொடர்ந்து இருமல், இழுப்பு வந்தால் அது ஸ்டாமினாக் குறைவாக இல்லாமல் ஆஸ்துமா வகையாக இருக்கலாம். மருந்தால் நன்றாகக் கட்டுப்படும், எத்தனையோ பிள்ளைகள் இது தெரியாமல் "எனக்கு ஓட வராது" என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

மகள் 12 வயதில் நன்றாக ஓடினாள், 14-ல் நேரம் கூடிவிட்டது. எடையைக் குறைக்கவேண்டுமா?

வேண்டவே வேண்டாம். உடம்பு பெண்ணாக மாறும்போது ஒன்றிரண்டு வருடம் வேகம் தேங்குவது இயல்பு, பொறுத்திருந்தால் பெரும்பாலும் திரும்ப வரும். அந்த நேரத்தில் சாப்பாட்டைக் குறைத்தால் மாதவிடாய் நின்று, எலும்பு பலவீனமாகி, முறிவு வரை போகும். அமெரிக்காவின் மேரி கெய்ன் 17 வயதில், 2013-ல், உலக சாம்பியன்ஷிப் 1,500 மீட்டர் இறுதியில் ஓடியவர். எடையைக் குறைக்கச்சொல்லி நெருக்கியதில் மூன்று வருடம் மாதவிடாய் நின்றது, ஐந்து எலும்பு முறிந்தது என்று 2019-ல் அவரே வெளிப்படையாகச் சொன்னார். பயிற்சியாளர் யாராவது உங்கள் மகளின் எடையைப் பற்றிப் பேச்செடுத்தால் ஆளை மாற்றுங்கள். களைப்பு அதிகமாக இருந்தால் இரும்புச்சத்தைப் பரிசோதிக்கலாம், அது நியாயமான சந்தேகம்.

நார்வே ஓட்டக்காரர் ஜேக்கப் இங்கெப்ரிக்ட்சன் சின்ன வயதிலிருந்தே பயிற்சி எடுத்துத்தானே ஜெயித்தார்?

ஆமாம், 17 வயதில், 2018-ல், ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 1,500-லும் 5,000-லும் தங்கம். அதே மாதிரி வளர்க்கப்பட்டு 15 வயதில் ஷூவைக் கழற்றியவர்களின் பெயர் நமக்குத் தெரியாது, அதுதான் வித்தியாசம்.

விலை உயர்ந்த ஷூ வேண்டுமா?

வேண்டாம். முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும், வளையவேண்டும், சில மாதத்துக்கு ஒருமுறை அளவு பார்க்கவேண்டும். சுத்தமான புல்தரையில் வெறுங்காலோடு ஓடினாலும் நல்லதுதான்.

எனக்கு ஓடவே வராது. நானும் கூட ஓடணுமா?

ஓடினால் நல்லது, உங்களை முந்திப்போவதில் இருக்கிற சந்தோஷம் பிள்ளைக்கு வேறு எதிலும் இல்லை. முடியாதென்றால் சைக்கிளில் கூடப் போங்கள், சுற்றை எண்ணுங்கள். ஓடப் பிடிக்காத என் மகன் இப்போது அக்காவுக்கு அந்த வேலைதான் செய்கிறான், வாரம் தவறாமல் தப்பாக எண்ணி அவளை ஒரு சுற்று அதிகம் ஓடவைத்துவிடுகிறான். வேண்டுமென்றே செய்கிறான் என்று அவள் சொல்கிறாள்.